நான்கு வாசல் மரங்கள்

பியர் பார்ட், லூசியானா
ஜனவரி 9, 1996

எர்லீனுக்கு,

நோலன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இடது கையால் எழுதினாயா என்று கேட்காதே. வலது கைதான், தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தான் வருகிறது.

எட்டு மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்ற போட்டியில் அண்ணன் தோற்றுவிட்டான் என்று வைத்துக்கொள். பாசம் பொங்கி எழுதவில்லை. காரியம் இருக்கிறது, எழுதுகிறேன்.

போன் செய்யலாம் என்றுதான் எடுத்தேன். உன் அண்ணி டெல்லா பிடுங்கி வைத்துவிட்டாள். "மூணாவது நிமிஷம் ரெண்டு பேரும் அந்த நாப்பது நிமிஷக் கதைக்குப் போயிடுவீங்க. கடுதாசி போடு. கடுதாசில கத்த முடியாது" என்றாள். அவள் சொல்வது சரிதான்.

விஷயம் இதுதான். க்ராப்போ பாயூ ஓடையின் பின்பக்கச் சதுப்பில் நான் சிங்கிறால் பிடிக்கும் வரிசை, அப்பா வெட்டித் திறந்த வழி, நூற்று நாற்பது கூண்டு இறக்கும் இடம், அது இப்போது ஜூனியஸ் லான்க்லோ கையில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் கழிந்து தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கப் போனேன். வழிக்குள் நுழையும் வாசலில் நிற்கும் நான்கு சைப்ரஸ் மரத்திலும் அவனுடைய பச்சை ரிப்பன்.

உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் பனி ஊரில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டவள், மறந்திருப்பாய். சீசன் முடிந்தால் உள்ளே கூண்டுக்கு அடையாளமாகக் கட்டிய ரிப்பன் எல்லாம் கூண்டோடு வந்துவிடும். வாசல் மரத்து ரிப்பன் மட்டும் அங்கேயே இருக்கும். அது இருந்தால் ஆள் திரும்பி வருவான் என்று அர்த்தம். அவிழ்த்துவிட்டால் விட்டுக்கொடுத்துவிட்டான், வேண்டியவன் கட்டிக்கொள்ளலாம். எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை, கோர்ட்டில் நிற்காது. ஆனால் எங்கள் படகுத்துறையில் இருக்கும் நாற்பது படகும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஓடுகிறது. நம் வீட்டு ரிப்பன் கருநீலம் மேலே, வெள்ளை கீழே, இரண்டும் சேர்த்து ஒரே முடிச்சு. நான் அதை அவிழ்க்கவில்லை.

துறைக்கு வந்து எல்லோர் முன்னாலும் ஜூனியஸைக் கேட்டேன். "நீதானேடா அவுத்தே?" என்றேன். அவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "நவம்பர்ல போனேன், நாலும் மொட்டையா நின்னுச்சு. உன் தோளு போச்சு, நீ விட்டுட்டேன்னு நெனச்சேன். இன்னொருத்தன் ரிப்பன அவுக்கறதுக்கு நான் எங்கப்பனுக்குப் பொறக்கலியா?" என்றான். இந்தத் துறையில் ஒருவன் மேல் சொல்லக்கூடிய குற்றத்திலேயே பெரிய குற்றத்தை நான் சொல்லிவிட்டேன். இனி அதை நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் நின்று தலை குனிய வேண்டும். துறையையும் அதிலுள்ள கடையையும் நடத்தும் மிஸ் வெர்லி பிப்ரவரி 3, சனிக்கிழமை எல்லோரையும் கூடச் சொல்லியிருக்கிறாள்.

போன மே மாதம், சீசனின் கடைசி நாள் சாயங்காலம், நீ அந்த நான்கு மரத்தைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தாய். படத்தில் ரிப்பன் இருக்கும். நான் விட்டுக்கொடுக்காமல்தான் போனேன் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஒரு பிரதி அனுப்பு.

நல்ல இடம் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. புதிதாக ஒரு வழி வெட்டித் திறக்க இந்தத் தோளுக்குத் தெம்பு கிடையாது. இந்த வரிசை போனால் நான் படகைக் கரையேற்ற வேண்டியதுதான். ஐம்பத்தெட்டு வயதில் கரையில் உட்கார்ந்து என்ன செய்வேன் என்று டெல்லா இப்போதே பயப்படுகிறாள்.

நோலன்


டுலூத், மினசோட்டா
ஜனவரி 17, 1996

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. தோள் இன்னும் சரியாகவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் பத்துத் தோளாவது எக்ஸ்ரே எடுக்கிறேன். உன் வயதில் ஒரு வருஷம் பிடிக்கும். அவசரப்படாதே.

நீ கேட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன், மடித்துவிடாதே. இது என்னிடம் இருக்கும் நல்ல பிரதிகளில் ஒன்று. கறுப்பு வெள்ளை. நான்கு மரம், அடியில் தண்ணீர், பின்னால் கடைசி வெளிச்சம். அக்டோபரில் இதற்கு இங்கே முதல் பரிசு கிடைத்தது. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஏப்ரலிலிருந்து பதினொரு ஊருக்குக் கண்காட்சியாகப் போகிறது. இடத்தில் எதையும் தொடாமல், மாற்றாமல் எடுத்த படங்களை மட்டும் சேர்க்கும் கண்காட்சி. முப்பது வருஷமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு இதுதான் முதல் மரியாதை.

படத்தில் ரிப்பன் எதுவும் இல்லை. நீயே பார்த்துக்கொள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை.

நாற்பது நிமிடக் கதை என்று அண்ணி கேலி செய்ததாக எழுதியிருக்கிறாய். இடுப்பளவுத் தண்ணீரில், இருட்டில், முதலை இருமும் சத்தம் கேட்டுக்கொண்டு நின்றவளுக்கு அது கதை இல்லை. "இதோ வந்துடறேன், ஒம்பது கூண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதைச் சண்டைக்காக எழுதவில்லை.

இங்கே ஏரி உறைந்துவிட்டது. குளிர் மைனஸ் முப்பது.

எர்லீன்


பியர் பார்ட்
பிப்ரவரி 5, 1996

எர்லீனுக்கு,

படம் மடங்காமல் வந்தது. நல்ல படம். டெல்லா அதைச் சாப்பாட்டு மேஜை மேல் நிறுத்தி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். "நாம தினம் போற எடமா இது? கோயில் மாதிரி இருக்கே" என்றாள். நான் மரத்தைப் பார்க்கவில்லை. ரிப்பனைத் தேடினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். டெல்லாவின் தையல் பூதக்கண்ணாடியை வைத்தும் பார்த்தேன். பட்டையில் இருக்கும் கீறல்கூடத் தெரிகிறது. ரிப்பன் இல்லை.

அதைக் கூட்டத்துக்குக் கொண்டு போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் தங்கச்சி எடுத்த படம் வருகிறது, வந்ததும் எல்லோரும் வாயை மூடுவீர்கள் என்று முன்கூட்டியே தம்பட்டம் அடித்துவிட்டேன். கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மிஸ் வெர்லியின் கடையில் முப்பது பேர் இருந்தார்கள். படம் கை மாறிக் கை மாறிப் போனது. கடைசியாக மிஸ் வெர்லி கேட்டாள்.

"இது எப்ப எடுத்தது நோலன்?"

"மே கடைசி."

"ஜூனியஸ் அங்க போனது நவம்பர். அப்ப மே மாசமே மொட்டையாத்தானே நின்னுருக்கு? அவன் எப்பிடி அவுத்திருப்பான்?"

எழுந்து நின்று ஜூனியஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டான். தோளைத் தொட வந்தவன், ஆபரேஷன் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான். "விடுண்ணே, வயசாகுது எல்லாருக்கும்" என்றான். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது நான் எழுத நினைத்தது இதுதான். வேறு யாரிடமும் சொல்லவில்லை, டெல்லாவிடமும் இல்லை.

ஜூனியஸ் அவிழ்க்கவில்லை. வேறு எவனும் அவிழ்க்க மாட்டான். அப்படியென்றால் நான்தான் அவிழ்த்திருக்கிறேன். மே மாதத்தில் ஏதோ ஒரு நாள் நானே என் வாசல் மரங்களை அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறேன், எனக்கு அது ஞாபகமில்லை. கட்டினது ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சும் ஞாபகம் இருக்கிறது. அவிழ்த்தது மட்டும் இல்லை.

அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது, நீ அப்போதே போய்விட்டாய். இரை வைக்காமல் எண்பது கூண்டை இறக்கிவிட்டு வந்தார். நாங்கள் சிரித்தோம். அப்போது அவருக்கு வயது அறுபது. அடுத்த வருஷம் பக்கத்துத் துறையில் போய்ப் படகைக் கட்டிவிட்டு, நம் வீட்டை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழுதார். அதற்கடுத்த வருஷம் என்னை யார் என்று கேட்டார்.

படகைக் கேட்டு ஒருவன் வந்திருக்கிறான். தண்ணீரில் தனியாகப் போகிறவனுக்கு ஞாபகம் முக்கியம். மார்டி கிரா திருவிழா கழிந்ததும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். டாக்டரிடமும் அதற்குப் பிறகு போகிறேன். அவர் சொல்லப்போவதை இரண்டு வாரம் தள்ளிக் கேட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

உன் மேல் ஒரு குறையும் இல்லை. நீ படத்தை அனுப்பினாய். படம் உள்ளதைத்தான் காட்டும்.

நோலன்


டுலூத்
பிப்ரவரி 11, 1996

அண்ணே,

படகைக் கொடுக்காதே. மீதியைப் படிப்பதற்கு முன்னால் அவனிடம் போய் இல்லை என்று சொல்லிவிட்டு வா.

உனக்கு மறதி இல்லை. ரிப்பனை நான் அவிழ்த்தேன்.

இந்த வரியை எழுத மூன்று நாள் ஆனது. வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது, சனிக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றேன், இரவு எழுதிக் கிழித்தேன். இப்போது ஞாயிறு காலை, பூசைக்குப் போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீ அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அன்று என்னை வாசலில் இறக்கிவிட்டு நீ கடைசி ஒன்பது கூண்டைத் தூக்க உள்ளே போனாய். மார்பு வரை வரும் உன் ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, முக்காலியைத் தண்ணீரில் ஊன்றி நின்றேன். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது. பன்னிரண்டு படம் எடுக்கும் ஃபிலிமில் பதினோராவது படம் வரை ரிப்பனோடுதான் எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரிப்பன் காற்றில் ஆடி, ஒவ்வொரு மரத்திலும் ஒரு அழுக்கு மாதிரித் தெரிந்தது. ஃபிலிமில் ஒன்றுதான் பாக்கி. வெளிச்சத்துக்கு ஐந்து நிமிடம்தான் பாக்கி.

மரத்துக்கு மரம் தண்ணீரில் நடந்து போய் நான்கையும் அவிழ்த்தேன். எக்கித்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. காலி ஃபிலிம் டப்பாவில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டாவது படம் எடுத்தேன். அதுதான் பரிசு வாங்கியது.

அவிழ்த்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே. நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தான். எட்டு வயதில் ஒரு ரிப்பனை விளையாட்டாக இழுத்ததற்கு அப்பா என் விரலில் தட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தெரிந்துதான் அவிழ்த்தேன். படம் எடுத்ததும் திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. முதலைச் சத்தம் கேட்டது. நீ வரவில்லை. பயத்தில் அசையாமல் நின்றேன். நீ வந்ததும் கத்தினேன், நீ கத்தினாய், கரைக்கு வரும் வரை கத்திக்கொண்டே வந்தோம். டப்பா பையில் இருந்தது.

மறந்துதான் போனேன். அது உண்மை. ஆனால் ஜூன் முதல் வாரத்தில் பையைக் காலி செய்தபோது டப்பாவைத் திறந்து பார்த்தேன். அதற்குப் பிறகு மறக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எடுத்த போனை வைத்துவிட்டேன். கோபமாக இருந்தேன். அவன் பார்ப்பான், அவனே கட்டிக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பரிசு வந்தது. இடத்தில் எதையும் தொடவில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அதற்குப் பிறகு உன்னிடம் சொல்வது என்றால் அவர்களிடமும் சொல்வது என்று ஆகிவிட்டது.

ஜனவரியில் நீ எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். பொய் எழுதவில்லை, படத்தில் ரிப்பன் இல்லை என்றுதான் எழுதினேன் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். நினைவில்லை என்று எழுதியது பொய். நீ கூட்டத்தில் நின்று மன்னிப்புக் கேட்பாய் என்று நான் யோசிக்கவில்லை. உன் மூளையையே நீ சந்தேகப்படுவாய் என்று கனவில்கூட நினைக்கவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை, அண்ணே.

இத்துடன் மூன்று பொருள் இருக்கிறது. பதினோராவது படத்தின் பிரதி. அதில் கருநீலம் கறுப்பாகவும் அதன் கீழ் வெள்ளையும் தெரியும், ஒற்றைப் பச்சை ரிப்பன் கட்டுகிறவனுடையது என்று யாரும் சொல்ல முடியாது. பதினொன்றும் பன்னிரண்டும் வெட்டாமல் சேர்ந்திருக்கும் நெகட்டிவ் துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றில் இருப்பதும் அடுத்ததில் இல்லாததும் தெரியும். டப்பாவும் இருக்கிறது. திறந்து பார். முடிச்சு நீ போட்டதுதான், இரண்டை நான் கிளை நுனி வழியாக நழுவ விட்டு எடுத்ததால் அவற்றில் இன்னும் அப்படியே இருக்கிறது.

கடிதத்தைக் கூட்டத்தில் படித்துக்காட்டு. முழுவதும் படி.

எர்லீன்


பியர் பார்ட்
பிப்ரவரி 19, 1996

எர்லீன்,

முதலில் படித்ததும் கோபம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். டெல்லா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, எனக்கு நிஜமாகவே மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தாள். இல்லையடி, கலங்கவில்லை, எழுத்துப்பூர்வமாக வந்திருக்கிறது என்றேன். அப்போதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

கோபம் மறுநாள் காலையில் வந்தது. நன்றாகவே வந்தது. ஒரு வாரம் உன் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று சொன்னேன். மூன்றாம் நாள் நானே சொல்லிவிட்டேன். ஒரு படத்துக்காக அண்ணன் வீட்டு வாசலை அவிழ்த்தாய், சரி, நீ கேமராக்காரி. ஆனால் ஜனவரியில் நான் கேட்டபோது அந்தப் பிரதியை அட்டையில் கட்டி அனுப்பினாயே, அதை நான் லேசில் மறக்க மாட்டேன். எனக்குத்தான் மறதி இல்லை என்று ஆகிவிட்டதே.

சனிக்கிழமை மறுபடி கூட்டம். நீ சொன்னபடி முழுக் கடிதத்தையும் படிக்கச் சொன்னேன். எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது, மிஸ் வெர்லி படித்தாள். நெகட்டிவைக் கடை ஜன்னலில் ஒட்டி ஒவ்வொருவனாக வந்து பார்த்தான். உங்கள் கண்காட்சிக்கு இவ்வளவு கூட்டம் வராது.

ஜூனியஸ் பார்த்துவிட்டு, "நான் இன்னிக்கே என் ரிப்பன அவுத்துடறேன்" என்றான். அவ்வளவில் முடிந்திருக்கும். டக்லஸ் என்று ஒருவன் இருக்கிறானே, எதற்கும் ஒரு கேள்வி கேட்பவன், அவன் எழுந்தான்.

"அது எப்பிடி? அவுத்தது வெளியாளு இல்ல. நோலனோட குய்ட்ரோ வீட்டுக் கை அவுத்திருக்கு. வீட்டுக் கை அவுத்தா வீடே விட்டுக்குடுத்த மாதிரிதானே?"

"அவ அந்த வீட்ட விட்டுப் போய் இருபத்தாறு வருஷம் ஆச்சுடா" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"போனா? ரத்தம் மாறிப்போச்சா?"

இதை வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இரண்டு பானை காப்பி காலி. நீ வீட்டுக் கையா, வெளிக் கையா என்று இரண்டு கட்சி. உன்னை வீட்டுக் கை என்று சொன்னால் வரிசை என் கையை விட்டுப் போய்விடும். வெளிக் கை என்று சொல்லச் சொல்லி என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

கடைசியில் மிஸ் வெர்லி மேஜையைத் தட்டினாள். "அவுத்த கையே வந்து கட்டட்டும். வீட்டுக் கைன்னா வீடு மனச மாத்திக்கிச்சு. வெளிக் கைன்னா தப்பத் திருத்திக்கிச்சு. எப்பிடிப் பார்த்தாலும் கணக்குத் தீந்துபோச்சு" என்றாள். ஜூனியஸ் மார்ச் 9 வரை கூண்டு இறக்காமல் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான். இறைச்சி தொடாத தபசு காலத்தில் சிங்கிறாலுக்குத்தான் ஊரே அலையும், அந்த நேரத்தில் மூன்று வாரம் காத்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

நீ வருவாய் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. தெரியாததை ஏன் சொல்வது? டப்பாவைத் திருப்பி அனுப்புகிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

இன்னொன்று. எல்லோரும் உண்மையைச் சொல்கிற வாரமாக இருக்கிறது, நானும் சொல்லிவிடுகிறேன். அன்று ஒன்பது கூண்டு தூக்க நாற்பது நிமிடம் ஆகாது. நான்காவது கூண்டில் தோள் இறங்கிவிட்டது. மோட்டாரின் கயிற்றை இழுக்கக் கை எழவில்லை. படகில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒற்றைக் கையால் கோலை ஊன்றி ஊன்றி வந்து சேர்ந்தேன். நீ கத்தும் சத்தம் பாதி வழியிலேயே கேட்டது. பதில் கொடுத்தால் குரலில் வலி தெரிந்துவிடும் என்று கொடுக்கவில்லை. வந்ததும் உன்னிடம் கத்தினேன், ஏனென்றால் கத்துவது சுலபமாக இருந்தது.

நாளைக்கு மார்டி கிரா. டெல்லா வாத்துக் கறி வைக்கிறாள்.

நோலன்


டுலூத்
பிப்ரவரி 24, 1996

அண்ணனுக்கு,

தோளை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.

கண்காட்சிக்காரர்களுக்கு எழுதிவிட்டேன். படத்தை எடுத்துவிட்டார்கள், பரிசையும் திருப்பிக் கேட்டார்கள். மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த பட்டயத்தைக் கழற்றியபோது அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. அழுகை வந்தது. உன்னால் இல்லை, நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. அது நல்ல படம், அதனால்தான்.

மார்ச் 7, வியாழக்கிழமை வருகிறேன். மறுநாள் கட்டிவிடுகிறேன். டப்பா என்னிடம் இருக்கிறது. கேமரா கொண்டு வரவில்லை.

நான் நான்காவது மரத்தில் முடிச்சுப் போட்டு முடிக்கும் வரை நீ படகை ஒரு அடி நகர்த்தக்கூடாது. என்னை வீட்டுக் கை என்றோ வெளிக் கை என்றோ சொல்லாமல் விட்டதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. நேரில் வந்தால் தெரிகிறதா பார்க்கலாம்.

எர்லீன்


பியர் பார்ட்
ஜூலை 28, 1996

எர்லீனுக்கு,

சீசன் முடிந்தது. மோசமில்லை. கூண்டு எல்லாம் ஏற்றிக் கொட்டகையில் அடுக்கியாகிவிட்டது. என் தோளுக்கு உதவியாக ஜூனியஸின் மருமகன் வாரம் இரண்டு நாள் வந்தான். ஜூனியஸ் நேற்றுக்கூட வந்து, "ஒந்தங்கச்சி கட்டுனது முடிச்சா, ஆஸ்பத்திரிக் கட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதைக் கேட்காமல் அவனுக்கு ஒரு வாரம் போகாது.

டாக்டரிடமும் போனேன், டெல்லா விடவில்லை. எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், பழங்களின் பேர் சொல்லச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். பேரிக்காய் மட்டும் வரவில்லை. எனக்குப் பேரிக்காய் பிடிக்காது என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்.

தண்ணீர் இறங்கிவிட்டது. போன வாரம் ஒரு சாயங்காலம் வாசல் மரங்களைப் பார்க்கப் போனேன். படகைப் பாயூவிலேயே கட்டிவிட்டு, கடைசித் தூரத்தைச் சேற்றில் நடந்து போனேன். மார்ச்சில் நீ படகில் நின்று கட்டினாய் அல்லவா, வெள்ளம் அப்போது உச்சத்தில் இருந்தது. இப்போது அந்த ரிப்பன்கள் என் தலைக்கு மேல் ஆறடி உயரத்தில் இருக்கின்றன. கையை நீட்டிப் பார்த்தேன், இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. இனி எவன் அவிழ்க்க வேண்டுமானாலும் ஏணியோடுதான் வர வேண்டும், நான் உட்பட.

மருந்துக் கடையில் ஒரு தடவை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடும் கேமரா விற்கிறார்கள். ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பக்கவாட்டு வெளிச்சம் வரும் வரை காத்திருந்தேன், நீ சொல்வாயே அந்த மாதிரி. கொசு பிய்த்து எடுத்துவிட்டது. நீ எதற்காக அங்கே நாற்பது நிமிடம் நிற்கச் சம்மதித்தாய் என்று கொஞ்சம் புரிந்தது. இருபத்துநான்கு எடுத்தேன். கடைக்காரன் கழுவிக் கொடுத்ததில் ஒன்றுதான் தேறியது, இத்துடன் வைத்திருக்கிறேன்.

வலது மூலையில் தெரிவது என் கட்டைவிரல். மரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நான்காவது மரம் பாதிதான் விழுந்திருக்கிறது. ரிப்பன் நான்கும் தெரிகிறது. பரிசு எதுவும் கிடைக்காது.

ஆனால் இடத்தில் எதையும் தொடவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

நோலன் குய்ட்ரோ